ஐந்து வருஷம் ஷெட்டில் கிடந்த கோல்ஃப் வண்டி: எஞ்சினை மாற்றணுமா?

கேள்வி: ஐயா, நாங்கள் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் பீச்ட்ரீ சிட்டியில் இருக்கிறோம். போன வருஷம் வாங்கிய வீட்டோடு, பின்பக்க ஷெட்டில் கிடந்த பழைய கிளப் கார் பெட்ரோல் கோல்ஃப் வண்டி ஒன்றும் எங்களுக்கு வந்தது. முந்தைய சொந்தக்காரர் “நிறுத்தும்போது நன்றாகத்தான் ஓடியது, ஐந்து வருஷமாக எடுக்கவில்லை” என்றார். டேங்கில் மூன்றில் ஒரு பங்கு பழைய பெட்ரோல் அப்படியே இருக்கிறது. முதலில் பெடலை மிதித்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. புது பேட்டரி போட்டதும் எஞ்சின் சுற்றுகிறது, கூடவே ‘கீச்’ என்று ஒரு சத்தம். ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காற்று போகும் வழியில் ஸ்டார்டிங் ஸ்ப்ரே அடித்தார். மூன்று விநாடி ஓடி நின்றுவிட்டது. அவர் கார்பரேட்டரை (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) மாற்றச் சொல்கிறார். ஒரு கடையில் எஞ்சினையே மாற்ற வேண்டும், அல்லது எலெக்ட்ரிக் ஆக்கிவிடுங்கள் என்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பா, பெட்ரோலில் கொஞ்சம் 2டி ஆயில் கலந்து ஊற்றினால் எடுத்துவிடும் என்கிறார். அவர் இருபது வருஷம் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஓட்டியவர். ஸ்டிக்கரில் ஏஜி9434 என்று ஆரம்பிக்கும் எண் இருக்கிறது. நாங்களே சரிசெய்ய முடியுமா? எதில் ஆரம்பிப்பது?

பதில்: முடியும். எஞ்சினை மாற்றச் சொன்ன கடைக்கு இப்போதைக்குத் திரும்பிப் போக வேண்டாம்.

ஸ்ப்ரே அடித்ததும் மூன்று விநாடி ஓடியது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டிய வரி அதுதான். ஓர் எஞ்சின் ஓட மூன்று விஷயம் வேண்டும்: பிளக்கில் நெருப்பு, சிலிண்டரில் கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை நெருக்கும் அழுத்தம்), சரியான அளவில் எரிபொருள். ஸ்ப்ரே கொடுத்தது மூன்றாவதை மட்டும். அதற்கே எஞ்சின் பற்றிக்கொண்டது என்றால் மற்ற இரண்டும் உயிரோடு இருக்கின்றன. ஆக, கோளாறு டேங்குக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, அல்லது கார்பரேட்டருக்குள்ளேயே இருக்கிறது. ஐந்து வருஷம் நின்ற வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் கதை. எஞ்சின் செத்துப்போய் என்னிடம் வரும் வண்டிகளைவிட, பெட்ரோல் செத்துப்போய் வரும் வண்டிகள்தான் அதிகம்.

அந்த ஸ்ப்ரேயை இனி தொடாதீர்கள். அதில் இருப்பது ஈதர். சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தை அது கழுவிவிடும், தாறுமாறாக வெடித்து பிஸ்டனையும் அடிக்கும். ஒரு தடவை அடித்ததால் நமக்கு ஒரு தகவல் கிடைத்தது, அதோடு போதும்.

முதலில் வண்டி எது என்று பார்த்துவிடுவோம். கிளப் கார் எண்ணில் முதல் இரண்டு எழுத்துகள் மாடலையும், அடுத்த நான்கு இலக்கங்கள் வருஷத்தையும் வாரத்தையும் சொல்லும். ஏஜி என்றால் டிஎஸ் மாடலின் பெட்ரோல் வண்டி. 9434 என்றால் 1994-ம் வருஷம் 34-வது வாரம். அந்த வருஷத்து டிஎஸ்ஸில் இருப்பது கவாசாகி எஃப்இ 290. ஒற்றை சிலிண்டர், 286 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், காற்றால் குளிரும் எஞ்சின். 1992-க்கு முன்னால் வந்த டிஎஸ்களில் கவாசாகியின் 341 சிசி எஞ்சின் இருந்தது. உதிரிப் பாகம் வாங்கும்போது கடைக்காரர் வருஷம் கேட்பது இதனால்தான். உங்கள் வண்டி நல்ல வகை. சேஸிஸ் அலுமினியம், ஐந்து வருஷ ஈரத்தில் துரு ஏறியிருக்காது. பாகங்களும் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன. அதுவும் நீங்கள் இருப்பது ஜார்ஜியா. கிளப் கார், கோல்ஃப் வண்டி செய்யும் இன்னொரு நிறுவனமான ஈ-ஸீ-கோ இரண்டுக்குமே தலைமையிடம் அங்கே அகஸ்டா பக்கம்தான்.

அப்பாவின் 2டி ஆயில் யோசனைக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக். அதில் பெட்ரோலோடு ஆயில் போகாவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். உங்கள் கவாசாகி ஃபோர் ஸ்ட்ரோக், அதற்கு வேண்டிய ஆயில் எஞ்சினுக்கு அடியிலேயே பெட்ரோலோடு சேராமல் இருக்கிறது. பெட்ரோலில் ஆயில் கலந்தால் புகையும், பிளக் கறுக்கும், வேறு பிரயோஜனம் இல்லை. ஆனால் அவர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. யமஹாவின் ஜி1, 1990-களின் தொடக்கம் வரை வந்த ஈ-ஸீ-கோ வண்டிகளில் பல, 1963 முதல் 1982 வரை ஹார்லி டேவிட்சன் செய்த பெட்ரோல் கோல்ஃப் வண்டிகள் (ஆமாம், அந்த ஹார்லிதான்) எல்லாம் டூ ஸ்ட்ரோக். உங்கள் ஷெட்டில் அதில் ஒன்று கிடைத்திருந்தால் அப்பா சொன்னதுதான் சரி.

இனி வேலைக்கு வருவோம். வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு வாருங்கள். மூடிய இடத்தில் பெட்ரோல் வேலையும் வேண்டாம், எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இந்த வண்டியில் பெடலைத் தொட்டாலே சோலனாய்டு (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) அடிக்கும். பெட்ரோல் ஆவி பக்கத்தில் இருக்கும்போது அந்தப் பொறி நமக்கு வேண்டாம்.

பெட்ரோலைத் தொடுவதற்கு முன்னால் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுவார்கள், நான் முதலில் பார்ப்பது இதைத்தான். குச்சியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, மட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் மூக்குக்கு அருகில் கொண்டுபோங்கள். மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்து, ஆயில் தண்ணீர்போல ஓடி, பெட்ரோல் வாசம் அடித்தால், எஞ்சினுக்குள் பெட்ரோல் இறங்கியிருக்கிறது. அப்படியானால் எஞ்சினை இன்னொரு சுற்றுகூடச் சுற்றாமல் ஆயிலை வடித்துப் புதிது ஊற்ற வேண்டும். பெட்ரோல் கலந்த ஆயிலுக்கு வழவழப்பு இருக்காது, பேரிங்கைத் தின்றுவிடும். பிஸ்டனுக்குக் கீழே ஆயில் இருக்கும் அறையான கிராங்க்கேஸுக்குள் ஆவி நிறைந்திருப்பதும் ஆபத்து.

ஆயிலுக்குள் பெட்ரோல் எப்படிப் போகும்? இந்த எஞ்சினில் எரிபொருள் பம்புக்கு மோட்டாரும் கிடையாது, லீவரும் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது கிராங்க்கேஸுக்குள் காற்றழுத்தம் ஏறி இறங்கும். அந்தத் துடிப்பை ஒரு சின்ன ரப்பர் குழாய் பம்புக்குக் கொண்டுவரும். பம்புக்குள் இருக்கும் டயாப்ரம் என்ற மெல்லிய தகடு அந்தத் துடிப்புக்கு ஏற்றபடி ஆடி, டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கார்பரேட்டருக்குத் தள்ளும். டயாப்ரம் கிழிந்தால் அதே குழாய் வழியாகப் பெட்ரோல் கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். ஆக, குச்சியில் பெட்ரோல் வாசம் வந்தால் பம்பு கிழிந்திருக்கக்கூடும் என்பதும் சேர்த்தே தெரிந்துவிடுகிறது. கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி வால்வு மூடாமல் நின்றாலும் இப்படி ஆகலாம், அதையும் கழற்றும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது டேங்க். இது 7 கேலன், அதாவது சுமார் 26 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டேங்க். உள்ளே கிடக்கும் பெட்ரோல் முழுவதையும் வெளியே எடுங்கள். கொஞ்சம் புதுசு கலந்தால் சரியாகிவிடும் என்ற ஆசை வேண்டாம். அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் சாதாரணமாகக் கிடைப்பது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்துதான் குழாய் உறிஞ்சுகிறது என்பதால் கார்பரேட்டருக்கு முதலில் போவது அந்தச் சரக்குதான். பெட்ரோலின் லேசான பாகங்கள் ஐந்து வருஷத்தில் ஆவியாகிப் போயிருக்கும். மிச்சம் இருப்பது வார்னிஷ் வாசம் அடிக்கும், எளிதில் பற்றாது. கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தேநீர் நிறத்துக்கு வந்திருந்தாலோ அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தாலோ வேறு சோதனையே தேவையில்லை.

எடுப்பதற்குக் கையால் அழுத்தும் சைஃபன் பம்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் நாமெல்லாம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிய ஆட்கள்தான், அப்பாவுக்கும் அந்தப் பழக்கம் இருக்கும், தயவுசெய்து விடாதீர்கள். பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் விளையாட்டல்ல. எடுத்த பெட்ரோலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், உங்கள் கவுன்ட்டியில் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

இப்போது ஒரு சோதனை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கார்பரேட்டருக்குப் பணம் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். புல்வெட்டி இயந்திரத்தின் சின்ன டேங்க் அல்லது அடியில் குழாய் வைத்த பெட்ரோல் பாட்டில் ஒன்று தயார் செய்யுங்கள். அதில் கால் லிட்டர் புதுப் பெட்ரோல். கார்பரேட்டருக்குள் போகும் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் இந்தப் பாட்டிலின் குழாயை மாட்டி, பாட்டிலைக் கார்பரேட்டரைவிடக் கொஞ்சம் உயரத்தில் கட்டி வையுங்கள். கழற்றிய பழைய குழாயின் வாயை அடைத்துவிடுங்கள். கிளிப்புகள் இறுக்கமாக இருக்கின்றனவா, எங்கும் சொட்டு இல்லையா என்று பார்த்த பிறகு மட்டும் பேட்டரியை மாட்டுங்கள்.

எஞ்சினைச் சுற்ற விடுவதற்கு முன்னால் வண்டி நகராதபடி செய்ய வேண்டும். முன்னே-பின்னே லீவரை நியூட்ரலில் வைத்துவிட்டு, சீட்டைத் தூக்கினால் தெரியும் நியூட்ரல் லாக்கவுட் குமிழை வெளியே இழுத்துத் திருப்பி, ‘மெயின்டனன்ஸ்’ நிலைக்குக் கொண்டுவாருங்கள். சக்கரத்துக்குக் கட்டையும் வையுங்கள். பெடலைக் கையால் அழுத்திவிட்டுப் பார்த்தால் அது தானாகத் திரும்பி வர வேண்டும். ஆக்ஸிலேட்டர் கேபிள் துருப்பிடித்து இறுகி இருந்தால், எடுத்த எஞ்சின் அலறிக்கொண்டே நிற்கும். ஒருவர் பெடலில், ஒருவர் எஞ்சின் பக்கம் என்று நின்றுகொள்ளுங்கள். சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவது) போட்டு, பெடலை லேசாக அழுத்தி, ஐந்தாறு விநாடி சுற்ற விடுங்கள். எடுக்காவிட்டால் ஒரு நிமிஷம் ஆறவிட்டு மறுபடி.

பாட்டில் பெட்ரோலில் எஞ்சின் எடுத்துச் சீராக ஓடினால் கார்பரேட்டர் பிழைத்தது. கோளாறு டேங்கு, குழாய், ஃபில்டர், பம்பு இதில்தான். பாட்டிலிலும் எடுக்காவிட்டால், அல்லது சோக்கை எடுத்ததும் செத்துப்போனால், கார்பரேட்டர் அடைத்திருக்கிறது. சில வண்டிகளில் இரண்டும் கெட்டிருக்கும். அப்போதும் எதைத் தொட வேண்டும் என்று தெரிந்துகொண்டு தொடுகிறோம்.

குழாய்களைப் பொறுத்தவரை நான் சோதித்துக்கொண்டிருக்க மாட்டேன், எல்லாவற்றையும் மாற்றிவிடுவேன். 1994-ல் போட்ட ரப்பர் என்றால் வளைத்தாலே வெடிப்பு தெரியும். பம்பு குழாயிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது, அதனால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். கீழே ஒரு சொட்டுகூட ஈரம் இல்லாமல் வண்டி பட்டினி கிடக்கும். இதனால் ஏமாந்து நல்ல கார்பரேட்டரைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய. பெட்ரோலுக்கென்றே விற்கும் குழாயை வாங்குங்கள், பம்புக்குத் துடிப்பு கொண்டுவரும் சின்னக் குழாயையும் சேர்த்து மாற்றுங்கள். அதில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் பம்பு ஆடாது. ஃபில்டரில் அம்புக்குறி இருக்கும்; அது பெட்ரோல் போகும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். டேங்க் மேல் மூடும் வால்வு இருந்தால் அது திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள்.

பம்பைச் சோதிக்க, அதன் வெளிவாய்க் குழாயை ஒரு ஜாடிக்குள் விட்டு எஞ்சினைச் சுற்றுங்கள். எஞ்சின் துடிக்கும் தாளத்தில் பெட்ரோல் பீச்சி அடிக்க வேண்டும். இந்தச் சோதனையின்போது பிளக் வயரைக் கழற்றி, அதன் முனையை எஞ்சின் உலோகத்தில் பிடித்துக் கட்டிவிடுங்கள், பொறி பறக்கக் கூடாது. பம்பு சின்ன விலைதான். சந்தேகம் வந்தால் மாற்றிவிடலாம்.

இன்னொரு விஷயம், உங்கள் பகுதிக்கே உரியது. ஜார்ஜியா, ஃபுளோரிடா பக்கத்தில் மண்குளவித் தொல்லை அதிகம். விரல் பருமன் ஓட்டை எங்கே கண்டாலும் மண்ணைக் குழைத்து அடைத்துக் கூடு கட்டிவிடும். கார்பரேட்டரிலிருந்து கிளம்பும் காற்றுக்குழாய் ஒன்று உண்டு, பெட்ரோல் தேங்கும் ப்ளோட் கிண்ணத்துக்குள் வெளிக்காற்றின் அழுத்தம் போய்வர. அது அடைபட்டால் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலே ஏறாது. வண்டி எடுக்கும், தெருமுனை வரை போகும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் நிறுத்தினால் மறுபடி எடுக்கும். மனிதனைப் பைத்தியமாக்கும் கோளாறு அது. அந்தக் குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளையையும், ஏர் ஃபில்டர் பெட்டியின் உள்பக்கத்தையும், எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறிக் கூட்டையும் பாருங்கள். விசிறிக் கூட்டுக்குள் எலி கூடு கட்டியிருந்தால் எஞ்சின் எடுக்கும், ஆனால் பத்து நிமிஷத்தில் வெந்துவிடும்.

கார்பரேட்டரைக் கழற்ற வேண்டியிருந்தால் அப்பாவை உட்கார வையுங்கள். இந்த வேலைக்கு அவர்தான் சரியான ஆள். உங்கள் கவாசாகியில் இருப்பது மிகுனி கார்பரேட்டர். ஆர்எக்ஸ் 100-லும் மிகுனிதான். சென்னைக்குப் பக்கத்தில் மறைமலைநகரில் யூகால் நிறுவனம் மிகுனியோடு கூட்டாகக் கார்பரேட்டர் செய்தது அவருக்கே நினைவிருக்கலாம். வடிவம் கொஞ்சம் மாறும், ஆனால் ப்ளோட் (பெட்ரோல் மட்டத்தைப் பார்க்கும் மிதவை), ஊசி, மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் (பெட்ரோல் போகும் சின்ன ஓட்டை உள்ள பித்தளைத் துண்டுகள்) எல்லாம் அதே சொந்தக்காரர்கள்.

கழற்றுவதற்கு முன்னால் போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாகக் கம்பியும் ஸ்பிரிங்கும் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தன என்பதை. அடிக்கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே அடிப்பிடித்த வெல்லப்பாகு போலப் பழுப்பாக ஏதாவது ஒட்டியிருக்கும். கார்பரேட்டர் கிளீனரில் அது கரையும். ப்ளோட்டையும் ரப்பர் பாகங்களையும் முதலில் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், கிளீனர் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். ஜெட்டுகளை அளவு சரியான ஸ்க்ரூ டிரைவரால் கழற்றுங்கள். பித்தளை மென்மையானது, தலை உருண்டுபோனால் அப்புறம் பெரும்பாடு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஜெட்டின் நடுவில் வட்டமாக, கூர்மையான ஓரத்தோடு ஓட்டை தெரிய வேண்டும். மெயின் ஜெட் சுலபமாகத் தெரிந்துவிடும். ஸ்லோ ஜெட்டின் ஓட்டை மயிரளவு. கண்ணுக்குத் திறந்ததுபோல் தெரிந்தாலும் பாதி அடைத்திருக்கலாம். கிட்டாரின் மிக மெல்லிய கம்பியில் ஒரு துண்டு வெட்டி உள்ளே விட்டு எடுங்கள். ஊசி, டிரில் பிட் என்று எதையாவது விட்டுக் குடைந்தால் ஓட்டை பெரிதாகிவிடும், அப்புறம் கறுப்புப் புகைதான். காற்று-பெட்ரோல் கலவை ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன்னால், அதை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, அப்புறம் வெளியே எடுங்கள். திரும்ப மாட்டும்போது அதே எண்ணிக்கை.

ப்ளோட் ஊசியின் கூர்முனையில் வளையமாகத் தேய்ந்த தடம் இருந்தால் ஊசியை மாற்றிவிடுங்கள். கேஸ்கெட்டும் ஊசியும் சேர்ந்த ரிப்பேர் கிட் கிடைக்கும்.

புதுக் கார்பரேட்டர் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ஆன்லைனில் மலிவாக வரும் நகல்களில் ஜெட் அளவு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. சில நன்றாக வேலை செய்கின்றன. சிலவற்றை மாட்டிய பிறகு மேடு ஏறாது, அல்லது பிளக் கறுத்துக்கொண்டே இருக்கும். முப்பது வருஷம் வேலை செய்த அசல் பாகத்தைச் சுத்தம் செய்வது அதைவிட நம்பகமானது. உடல் வெடித்திருந்தாலோ, த்ராட்டில் தண்டு ஆட்டம் கண்டிருந்தாலோ மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

சரி, அந்த ‘கீச்’ சத்தம். கோல்ஃப் வண்டியில் ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒரே பெட்டி. பெடலை மிதித்ததும் அது மோட்டாராகி ஒரு பெல்ட் வழியாக எஞ்சினைச் சுற்றும். எஞ்சின் எடுத்ததும் அதே பெட்டியை எஞ்சின் சுற்றி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும், மறுபடி மிதித்தால் மறுபடி ஸ்டார்ட். ஐந்து வருஷம் ஒரே இடத்தில் நின்ற பெல்ட் காய்ந்து வழுக்குகிறது, அதுதான் கீச்சிடுகிறது. வழுக்கும் பெல்ட் எஞ்சினை வேண்டிய வேகத்தில் சுற்றாது. சுற்றாவிட்டால் பம்பும் இழுக்காது. பெல்ட்டின் உட்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றுங்கள். இல்லையென்றால் ஸ்டார்ட்டர் பெட்டியின் போல்ட்டைத் தளர்த்தி இழுவையைக் கூட்டினால் போதும். பெல்ட்டில் ஸ்ப்ரே எதையும் அடிக்காதீர்கள்.

புது பேட்டரி என்றாலும் ஒரு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சின் சுற்றும்போது 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சார்ஜ் இல்லை, அல்லது எஞ்சின் இறுக்கம். பேட்டரி முனையில் வோல்ட் நன்றாக இருந்து ஸ்டார்ட்டர் முனையில் குறைந்தால், நடுவில் கேபிளோ சோலனாய்டோ தின்கிறது. பழைய வண்டிகளில் எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் கேபிளின் முனைதான் பச்சை பூத்துப் போயிருக்கும். கழற்றிக் கம்பி பிரஷால் தேய்த்து மாட்டினால் பாதி ஸ்டார்ட்டிங் தொல்லை தீரும்.

எல்லாம் செய்தும் எடுக்கவில்லை என்றால், பிளக்கைக் கழற்றுங்கள். இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். புதுசே போட்டுவிடலாம், காபி விலைதான். பொறி அவ்வப்போது வந்து வந்து போனால், எஞ்சின் வேகத்துக்கு வரம்பு வைக்கும் ஆர்பிஎம் லிமிட்டர் என்ற சின்னப் பெட்டி கெட்டு இக்னிஷனை நிறுத்திக்கொண்டிருக்கலாம். சோதனைக்காக மட்டும் அதன் இணைப்பைக் கழற்றிப் பார்க்கலாம். அது இல்லாமல் ஓட்டக் கூடாது. கம்ப்ரஷனை அதற்கான மீட்டரில் அளந்து குறைவாக இருந்தால் பிளக் ஓட்டையில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. நெடுநாள் நின்ற எஞ்சினில் வால்வு தண்டு ஒட்டிக்கொள்வதுண்டு. மேல்மூடியைக் கழற்றி எஞ்சினைச் சுற்றினால் வால்வை அழுத்தும் இரண்டு ராக்கரும் ஒன்று மாற்றி ஒன்று அசைவது தெரியும். ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் அதுதான் குற்றவாளி. இந்தக் கட்டத்துக்கு வந்தால் ஒரு சின்ன எஞ்சின் மெக்கானிக்கிடம் போங்கள். நீங்கள் இதுவரை பார்த்ததை வரிசையாகச் சொன்னால் அவருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் கூலி மிச்சம்.

எடுத்துவிட்டால் முதல் சில நிமிஷம் வெள்ளையாகவும் நீலமாகவும் புகை வரும், பயப்பட வேண்டாம். கருகிய வாசம், உலோகம் மோதும் சத்தம் இருந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். பெடலை முழுக்க மிதித்து அலறவிடாதீர்கள். பாரம் இல்லாமல் வேகமாகச் சுற்றுவது நெடுநாள் நின்ற எஞ்சினுக்கு நல்லதல்ல. ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் சார்ஜும் ஏறுகிறது. பத்து நிமிஷம் ஓடிச் சூடான பிறகு ஆயிலை வடித்து, 10டபிள்யூ-30 புதிது ஊற்றுங்கள். அளவை லிட்டர் கணக்கில் ஊற்றாமல் குச்சியைப் பார்த்து ஊற்றுங்கள், அளவு தாண்டினால் இந்த எஞ்சின் புகையும். டேங்கில் இனி எத்தனால் இல்லாத பெட்ரோல் போட முடிந்தால் நல்லது. படகுத்துறைப் பெட்ரோல் பங்க்குகளிலும் சில சாதாரண பங்க்குகளிலும் கிடைக்கும். மாசக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்பரேட்டர் வரைக்கும் போகும்படி ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

எலெக்ட்ரிக் ஆக்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரிகள், சார்ஜர், பின் ஆக்ஸில் வேலை எல்லாம் சேர்ந்தால் ஓடுகிற பழைய எலெக்ட்ரிக் வண்டி ஒன்றையே வாங்கிவிடலாம். சத்தமில்லாத வண்டிதான் வேண்டும் என்றால் இதைச் சரிசெய்து விற்றுவிட்டு அதை வாங்குங்கள். ஓடும் பெட்ரோல் வண்டிக்கும் ஓடாத வண்டிக்கும் உங்கள் ஊரில் விலை வித்தியாசம் பெரிது. 160 கிலோமீட்டருக்கு மேல் வண்டிப்பாதை போட்டு வைத்திருக்கும் ஊர், பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இதில்தான் போகிறார்கள். வாங்க ஆள் கிடைக்கும்.

எஞ்சின் எடுத்த சந்தோஷத்தில் நேராகப் பாதையில் இறங்கிவிடாதீர்கள். பிரேக் இருப்பது பின் சக்கரங்களில் மட்டும், அதுவும் கேபிளால் இழுக்கும் டிரம் பிரேக். ஐந்து வருஷம் நின்றதில் கேபிள் உறைக்குள் இறுகியிருக்கும், அல்லது பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஒருவர் பெடலை மிதிக்க, இரண்டு சக்கரமும் நிற்கிறதா என்று பாருங்கள். ஒன்று நின்று ஒன்று சுற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் டயரும் மாற்ற வேண்டும். நகராட்சியில் வண்டியை உங்கள் பெயரில் பதிந்து ஸ்டிக்கர் வாங்கிய பிறகு அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்துப் போய் வாருங்கள். அவர் ஓட்டக் கேட்பார். அதற்கு முன்னால் அங்கே ஓட்டுவதற்கான வயது, லைசென்ஸ் விதிகளை நகராட்சி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.